ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லும் நூலகத்துக்கு ஒரு திறந்த மடல்

மலை வளாக நூலகக் குழுத் தலைவருக்கும் நூலகருக்கும் குழு உறுப்பினர்களுக்கும்,

போன திங்கட்கிழமை காலை நூலகக் கதவில் ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. நூலகப் பயன்பாட்டு நடத்தை விதிகள் என்று தலைப்பு, கீழே 15 விதிகள், அதற்கும் கீழே முத்திரை. அன்றைக்கு விடிந்ததிலிருந்து மழை. வாசலில் நின்று படித்துக்கொண்டிருந்த எங்களிடம் செக்யூரிட்டி அக்கா, "ரெண்டாம் நம்பரைப் படிச்சிட்டீங்களாம்மா? ஸ்வெட்டரைக் கழட்டி மாட்டிட்டுப் போங்க" என்றார். சொல்லும்போது அவர் சால்வையைத் தலையோடு சுற்றிக்கொண்டு நின்றார். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அவருக்குச் சொன்னதை அவர் எங்களுக்குச் சொல்கிறார். என் வருத்தம் அந்தத் தாளை எழுதியவர்கள்மேல், அதனால்தான் நேராக உங்களுக்கே எழுதுகிறேன்.

விதியே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. இந்த 15-ல் எட்டு விதிகளுக்கு எனக்கு மறுப்பு இல்லை. சத்தம் போட்டுப் பேசக் கூடாது, போனை சைலன்ட்டில் வைக்க வேண்டும், உள்ளே சாப்பிடக் கூடாது, புத்தகத்தில் கோடு போடக் கூடாது, பக்கத்தைக் கிழிக்கக் கூடாது, அடுத்தவர் கார்டில் புத்தகம் எடுக்கக் கூடாது, பையைப் போட்டு நாற்காலி பிடித்து வைக்கக் கூடாது, எடுத்த புத்தகத்தை நீங்களே அலமாரியில் செருகாமல் மேசைமேல் விட்டுவிட வேண்டும். எல்லாம் சரி. இதில் சிலவற்றை நாங்கள் மீறியிருக்கிறோம் என்பதும் உண்மை. முதலாண்டில் நானே ஒரு புத்தகத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன், பிறகு அதே புத்தகத்தை இன்னொருத்தி எடுத்து, என் கோட்டைப் பார்த்து எரிச்சல் பட்டதைக் கேட்டபோதுதான் அது எவ்வளவு தப்பு என்று உறைத்தது. அந்த எட்டையும் நாங்கள் காப்பாற்றுகிறோம். மற்ற ஏழு விதிகளைப் பற்றித்தான் இந்த மடல்.

இரண்டாம் விதி சொல்வது இது. ஸ்வெட்டர், ஜெர்கின், சால்வை, மப்ளர், குல்லா எதையும் அணிந்து உள்ளே வரக் கூடாது, வாசலில் உள்ள கொக்கிகளில் மாட்டிவிட்டு வர வேண்டும், தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பேற்காது.

நாம் இருப்பது நீலகிரி. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்தால் ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு, அதுவும் முடிந்தால் மார்கழி தையில் புல்வெளியெல்லாம் வெள்ளை பூக்கிற உறைபனி. இங்கே ஸ்வெட்டர் என்பது சட்டை மாதிரி உடம்போடு ஒட்டிய துணி. படுகர் ஊர்களில் பெரியவர்கள் வெள்ளைச் சால்வை இல்லாமல் வீட்டை விட்டு இறங்க மாட்டார்கள், தோடர்கள் பூத்துக்குளி என்ற தங்கள் சால்வையில் போடும் பூவேலைக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. கொளுத்தும் வெயிலில் ஏசி போட்ட நூலகம் நடத்துகிற ஓர் ஊரில் ஜெர்கினோடு ஒருவர் உள்ளே வந்தால் சந்தேகம் வரலாம், அங்கே அந்த விதிக்கு ஒரு நியாயம் இருக்கலாம். அதை அப்படியே எடுத்து இங்கே ஒட்டினால் எப்படி?

நம் ரீடிங் ஹால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், ஆனால் அங்கே தொடர்ந்து மூன்று மணி நேரம் உட்கார்ந்து உங்களில் எத்தனை பேருக்குப் பழக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. சிமெண்ட் தரை, தகரக் கூரை, வடக்குப் பக்கம் முழுக்க ஜன்னல், அதில் இரண்டு கண்ணாடி உடைந்து அட்டை வைத்து அடைத்திருக்கிறது. மதியம் மூன்று மணிக்கு மிஸ்ட் இறங்கினால் அந்த அட்டை இடுக்கு வழியாக அது புகைபோல உள்ளே வருவதைக் கண்ணால் பார்க்கலாம். திங்கட்கிழமை நான் சுடிதாரோடு அங்கே உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். நாலு வரி எழுதுவதற்குள் விரல் விறைத்துவிடுகிறது. பேனாவை வைத்துவிட்டுக் கையை அக்குளுக்குள் கொடுத்துச் சூடேற்றி, மறுபடியும் நாலு வரி. என் எதிரே ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் முதலாண்டுப் பெண் ஒருத்தி. அவளுக்கு வீசிங் உண்டு. முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை, உதடு வெளுத்துப்போய், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு இந்த வாரம் முழுக்க அவளை நூலகத்தில் பார்க்கவில்லை. விடுதியில் கேட்டதற்கு, "பரவாயில்லைக்கா, யூடியூப்ல பாத்துக்கறேன்" என்றாள்.

கொக்கிகளையும் எண்ணினேன். 12. அன்றைக்கு மதியம் உள்ளே 40 பேருக்குக் குறையாமல் இருந்தோம். கொக்கியில் இடமில்லாதவர்கள் ஸ்வெட்டரைக் குடை வைக்கும் பெஞ்சிலேயே போட்டோம். ஈரக் குடை, ஈர ரெயின்கோட், அதற்கு நடுவில் காய்ந்த ஸ்வெட்டர். நான் வெளியே வரும்போது என்னுடையது பாதி நனைந்திருந்தது, அதைப் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினேன். அது என் அம்மா ஊட்டி திபெத்தியன் மார்க்கெட்டில் வாங்கிக் கொடுத்தது. அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். ஒரு ஸ்வெட்டருக்காக எத்தனை நாள் கூலியை ஒதுக்கி வைத்தார் என்று எனக்குத் தெரியும். அது தொலைந்தால் யாரும் பொறுப்பில்லை என்று அச்சடித்து ஒட்டியிருக்கிறீர்கள்.

இந்த விதி ஏன் வந்தது என்று நூலகப் பணியாளர்களிடம் கேட்டேன். புத்தகம் திருட்டுப் போகிறது, ஜெர்கினுக்குள் வைத்து எடுத்துப் போகிறார்கள், கோடையில் கையிருப்புச் சரிபார்த்தபோது சில புத்தகங்கள் குறைந்தன, தணிக்கையில் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான் என்றார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. தொலைந்த புத்தகத்தின் விலையைத் தன் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்ற கவலையோடு வேலை பார்க்கும் ஒருவர், புத்தகத்தைத் தொட வருகிற எல்லோரையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். ஆனால் அந்தப் பயத்தைப் போக்க ஏற்கெனவே வழி எழுதப்பட்டிருக்கிறது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி எண் 215. இரவல் தரப்படும் அல்லது எடுத்துப் பார்க்கப்படும் ஒவ்வோர் ஆயிரம் புத்தகத்துக்கும் ஆண்டுக்கு ஐந்து தொலைவதை இயல்பான இழப்பாக ஏற்றுக்கொள்ளலாம் என்கிறது அது, நேர்மைக் குறைவாலோ அலட்சியத்தாலோ தொலைந்ததாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். அது மத்திய அரசு அலுவலகங்களுக்கான விதி, நம் பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்தாது என்று நீங்கள் சொல்லலாம். சரி, ஆனால் அதே அளவுகோலை நம் குழுவும் தீர்மானம் போட்டு ஏற்க என்ன தடை? புத்தகம் புழங்கினால் நாலு தொலையத்தான் செய்யும் என்று நாட்டின் நிதி விதியே ஒப்புக்கொள்ளும்போது, நம் பணியாளர்களை மட்டும் ஏன் அந்தப் பயத்திலேயே வைத்திருக்க வேண்டும்? அந்தப் பயம்தான் எங்கள் ஸ்வெட்டர்மேல் வந்து விழுகிறது.

ஈரமான ரெயின்கோட்டும் குடையும் வெளியேதான் இருக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஈரம் புத்தகத்துக்கு எமன். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும், இந்த மலையில் மழை மாதங்களில் அதைவிட அதிகமாகவே நிற்கும். நான் கேட்பது காய்ந்த ஸ்வெட்டருக்கு. வேண்டுமானால் வெளியே போகும்போது ஜெர்கினைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், காட்டுகிறோம்.

ஈரம் என்று சொன்னதால் இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்ப் புத்தகங்கள் இருக்கும் கடைசி வரிசையில், சுவரோரம், ஜூன் மாதத்திலிருந்து ஒரு பச்சை பக்கெட் இருக்கிறது. கூரைத் தகரத்தின் ஆணி ஓட்டை வழியாகச் சொட்டும் தண்ணீருக்காக வைத்தது. பக்கெட் நிரம்பினால் அட்டெண்டர் அண்ணன் எடுத்து ஊற்றுவார், ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லை என்றால் வழிந்து தரையில் ஓடும். புதன்கிழமை அந்த வரிசையின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு கவிதைத் தொகுப்பை எடுத்தேன். அட்டை உப்பிப் போயிருந்தது. நடுவில் பிரித்தால் பிரியவில்லை, பத்துப் பதினைந்து பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி அட்டைபோல ஆகிவிட்டன. மெதுவாக நகத்தை விட்டுப் பிரிக்கப் பார்த்தேன், ஒரு பக்கத்தின் எழுத்து அடுத்த பக்கத்தோடு வந்துவிட்டது. அப்படியே விட்டுவிட்டேன். முதுகில் வெள்ளையாக மாவு தூவியதுபோல் பூஞ்சணம், தொட்டால் விரலில் ஒட்டுகிறது. அதே தட்டில் அதுபோல 17 புத்தகங்கள். பக்கத்துத் தட்டில் ராமபாணப் பூச்சி துளைத்தவை வேறு. திருட்டுப் போன புத்தகத்துக்காக ஒரு விதி எழுதினீர்கள். கண்ணெதிரே நனைந்து சாகிற புத்தகத்துக்காக அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை.

நான்காம் விதி எனக்கு இதைவிடப் பெரியது. சொந்தப் புத்தகம், நோட்டு எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது, வெள்ளைத் தாள் மட்டும் கொண்டுவரலாம், நூலகப் புத்தகத்தைப் பார்ப்பவர்கள் மட்டுமே உட்காரலாம் என்கிறது அது.

நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்து லைன் வீட்டுப் பெண். 1964-ல் இலங்கையோடு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, அதன்படி அங்கிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக ஆனதே, அந்தக் கணக்கில் வந்தவர்கள் என் தாத்தா பாட்டி. எங்கள் வீடு ஓர் அறையும் ஓர் அடுப்படியும். அதில் ஐந்து பேர். சுவருக்கு அந்தப் பக்கம் டிவி ஓடினால் இந்தப் பக்கம் வசனம் முழுக்கக் கேட்கும். இரவு எட்டு மணிக்கு மேல் லைட் போட்டுப் படித்தால், விடியற்காலையில் வேலைக்குப் போகும் அம்மாவுக்குத் தூக்கம் கெடும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வாசல் படியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு படித்தேன். இந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வாரம் நூலகத்துக்குள் வந்து, யாரும் என்னைக் கூப்பிடாத, யாருக்கும் நான் இடைஞ்சலாக இல்லாத ஒரு மேசையும் நாற்காலியும் எனக்குக் கிடைத்தபோது எனக்கு என்ன தோன்றியது என்பதை இங்கே எழுத முடியவில்லை. அந்த மேசைதான் எனக்கு நூலகம். அங்கே நான் நூலகப் புத்தகமும் படித்தேன், என் நோட்டையும் படித்தேன், நெட் தேர்வுக்கு அக்கா ஒருவர் கொடுத்த பழைய கைடையும் படித்தேன்.

என்னைப் போலத்தான் பலர். டிஎன்பிஎஸ்சிக்குச் சமச்சீர்ப் புத்தகங்களை வைத்துப் படிக்கிறவர்கள், ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், ஆய்வேட்டுக்குக் கள ஆய்வுக் குறிப்புகளைப் பரப்பி வைத்து அலசுகிறவர்கள். சொந்த நோட்டு இல்லாமல் ஆராய்ச்சி எப்படி நடக்கும்? என் நோட்டில் எடுத்த குறிப்பையும் நூலகப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தானே எனக்கு வேலை. இதில் புத்தகம் மாறிப்போகும் என்று பயம் இருந்தால், நுழையும்போது சொந்தப் புத்தகத்தில் கேட்டில் ஒரு முத்திரை குத்தி, ரெஜிஸ்டரில் எழுதிக்கொள்ளுங்கள். முன்பு வேலைக்கு இருந்த அண்ணன் அப்படித்தான் செய்தார், ஒரு பிரச்சினையும் வரவில்லை.

ஆறாம் விதி, பக்கங்களைப் போனில் படம் எடுத்தால் போன் பறிமுதல், 500 ரூபாய் அபராதம், காரணம் காப்புரிமைச் சட்டம். இதைச் சட்டத்தின் பெயரைச் சொல்லி எழுதியிருப்பதால் சட்டத்தைப் பார்த்தேன். 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், 52-ஆம் பிரிவு, ஆராய்ச்சி உட்படத் தனிப்பட்ட பயன்பாட்டுக்காக நியாயமான அளவில் படியெடுப்பது காப்புரிமை மீறல் ஆகாது என்று சொல்கிறது. பாடம் நடத்துவதற்கான படிகளைப் பற்றி 2016-ல் டெல்லி பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றமும் மாணவர்கள் பக்கம்தான் பேசியது. முழுப் புத்தகத்தையும் அட்டை முதல் அட்டை வரை படம் எடுப்பதைத் தடுங்கள், அது நியாயம். ஒரு கட்டுரை, ஓர் அத்தியாயம், ஒரு வரைபடம், இவற்றைத் தடுக்காதீர்கள். நம் ஜெராக்ஸ் மெஷின் பிப்ரவரியிலிருந்து வேலை செய்யவில்லை. குறிப்புதவிப் பிரிவு நூலை வெளியே எடுத்துப் போக முடியாது, ஜெராக்ஸ் இல்லை, போனும் கூடாது என்றால், சோதனையில் விழுகிறவன் பிளேடை எடுப்பான். பக்கம் கிழிப்பதை நான் நியாயப்படுத்தவில்லை, அது அடுத்தவன் வாயில் மண்ணைப் போடுகிற வேலை. ஆனால் எந்தெந்தப் புத்தகங்களில் பக்கம் காணாமல் போயிருக்கிறது என்று உங்கள் பட்டியலையே எடுத்துப் பாருங்கள். நான் பார்த்தவரை எல்லாம் ஒரே ஒரு பிரதி உள்ள, வெளியே தராத புத்தகங்கள்.

பிளாஸ்கைப் பற்றிய விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் மட்டும் கொண்டுவரலாம், ஸ்டீல் பிளாஸ்க் கூடாது என்கிறீர்கள். கடையில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் விற்கக் கூடாது என்று தடை உள்ள மாவட்டம் இது, சுற்றுலா வருகிறவர்களிடம்கூடச் செக்போஸ்டில் வாங்கி வைத்துவிடுகிறார்கள். இந்தக் குளிரில் குடிப்பது வெந்நீர், அதைப் பிளாஸ்டிக்கில் ஊற்றிக் குடிக்க முடியாது. மேசையில் வைக்காமல் காலடியில் வைத்துக்கொள்கிறோம், மூடி திருகிய பிளாஸ்க்.

அப்புறம் நேரம். முன்பு இரவு எட்டு மணி வரை இருந்த நூலகம் இனி ஐந்து மணிக்கு மூடப்படும். காரணம் காட்டெருமை. வளாகத்துக்குள் காட்டெருமை வருவது உண்மைதான், நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன், ஒரு தடவை கேன்டீன் பின்னால் கைக்கெட்டும் தூரத்தில். ஆனால் எங்கள் பக்கம் போகிற பஸ் ஆறேகாலுக்குத்தான் கேட்டுக்கு வரும். நாலு மணிக்கு வகுப்பு முடிகிறது, நாலரைக்கு நூலகத்துக்குள் வந்து உட்கார்ந்தால் ஐந்துக்கு எழுப்பிவிடுகிறீர்கள். அதற்குப் பிறகு ஒன்றேகால் மணி நேரம், கூரையில்லாத பஸ் ஸ்டாப்பில், இருட்டுகிற நேரத்தில், புல் முளைத்த சாலையோரம் நிற்கிறோம். போன வியாழக்கிழமை நாங்கள் ஏழு பெண்கள் நின்றோம், எதிர்ப் புதரில் கிளை முறிகிற சத்தம் கேட்டு எல்லோரும் கேட்டுக்குள் ஓடினோம். காட்டெருமையிடமிருந்து எங்களைக் காப்பாற்ற வேண்டும் என்றால், கதவும் விளக்கும் உள்ள நூலகத்துக்குள் எங்களை உட்கார வையுங்கள்.

12-ஆம் விதி தாமதக் கட்டணத்தை நாளுக்கு ஒரு ரூபாயிலிருந்து ஐந்து ரூபாய் ஆக்கியிருக்கிறது. அதிலும் எனக்குப் பெரிய சண்டை இல்லை, புத்தகத்தை நேரத்துக்குத் திருப்ப வேண்டியது எங்கள் கடமை. விடுமுறை நாட்களும் கணக்கில் சேரும் என்ற வரிதான் தவறு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய மலை இது. மரம் விழும், மண் சரியும், ரோடு அடைபடும், மாவட்ட ஆட்சியர் பள்ளி கல்லூரிகளுக்கு விடுமுறை விடுவார். போன மாதம் அப்படி விடுமுறை விட்ட மூன்று நாளுக்கும் என்னிடம் கட்டணம் வாங்கினார்கள். பஸ் ஓடவில்லை, நூலகமும் திறக்கவில்லை. திறக்காத நூலகத்தில் நான் எப்படிப் புத்தகத்தைத் திருப்பித் தருவது?

13-ஆம் விதிக்கு வருகிறேன். கண்ணாடி அலமாரியில் உள்ள அரிய நூல்களை முனைவர் பட்ட ஆய்வாளர்கள் மட்டும், நெறியாளரின் கடிதத்தோடும் துறைத்தலைவரின் கையெழுத்தோடும், நூலகக் குழுவின் அனுமதி பெற்றுப் பார்க்கலாம்.

அந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்று கண்ணாடி வழியாகப் படித்துப் படித்து எனக்கு மனப்பாடம். 1880-ல் கிரிக் எழுதிய மாவட்டக் கையேடு. 1908-ல் பிரான்சிஸ் தொகுத்த நீலகிரி கெஜட்டியர். 1930-களில் இந்த மலைக்கு வந்து தங்கி, கோத்தர், தோடர் மொழிகளை அவர்கள் வாயால் சொல்லக் கேட்டு எழுதிய மொழியியலாளர் எமனோவின் தொகுப்புகள். இவை எல்லாம் எங்களைப் பற்றிய புத்தகங்கள். எங்கள் வகுப்பில் கோத்தர் வீட்டுப் பையன் ஒருவன் படிக்கிறான். அவர்களுக்கு இந்த மலையில் இருப்பதே ஏழு ஊர்தான். அவன் பாட்டி சொல்லும் கதைகளில் ஒன்றாவது எமனோ எழுதியதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை. இரண்டு மாதமாகக் கேட்கிறான். முதுகலை மாணவன், அதனால் முடியாது. அவன் அந்த அலமாரி முன்னால் குனிந்து நின்று முதுகெழுத்தைப் படித்துக்கொண்டிருந்ததை ஒருநாள் பார்த்தேன். அவன் மொழி உள்ளே, அவன் வெளியே, நடுவில் ஒரு பூட்டு.

பூட்டி வைத்தால் பத்திரம் என்று நினைக்கிறீர்கள். அதுவும் இல்லை. காற்றோட்டம் இல்லாத மூடிய அலமாரியில்தான் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். கீழ்த்தட்டில் தோல் பைண்டிங் போட்ட இரண்டு புத்தகங்களின் ஓரத்தில் சாம்பல் நிறப் படலம் வெளியிலிருந்தே தெரிகிறது, டார்ச் அடித்துப் பார்த்தால் உங்களுக்கும் தெரியும். யாராவது வாரம் ஒருமுறை அதை எடுத்துப் பிரித்துப் பார்த்திருந்தால், பரவுவதற்கு முன்பே தெரிந்திருக்கும்.

நூலகத்துக்குள் நுழைந்ததும் இடது பக்கச் சுவரில் எஸ்.ஆர். ரங்கநாதன் படம் இருக்கிறது. சீர்காழியில் 1892-ல் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1931-ல் நூலகவியலின் ஐந்து விதிகளை எழுதிய மனிதர். படத்துக்குக் கீழே அந்த ஐந்தையும் பிரேம் போட்டு நீங்களேதான் மாட்டியிருக்கிறீர்கள். நூல்கள் பயன்பாட்டுக்கே. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும். நூலகம் வளரும் உயிர். அந்த ஐந்திலும் வாசகரைப் பார்த்து "கூடாது" என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. அவர் விதித்ததெல்லாம் நூலகத்தை நடத்துகிறவர்களுக்கு. மஞ்சள் தாளின் 15 விதிகளில் உங்களைக் கட்டுப்படுத்தும் விதி ஒன்றாவது இருக்கிறதா என்று தேடினேன், இல்லை.

இந்த விதிகளை எழுதும்போது ஒரு மாணவரைக்கூட நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பஸ் நேரத்தை நாங்கள் சொல்லியிருப்போம், கொக்கியை எண்ணிச் சொல்லியிருப்போம். அட்டெண்டர் அண்ணனைக் கேட்டிருந்தால்கூடக் கூரையைப் பற்றிச் சொல்லியிருப்பார்.

இனி எங்கள் கோரிக்கைகள். இரண்டாம் விதியை நாளைக்கே நிறுத்தி வையுங்கள், குழு கூடும் வரை காத்திருக்க வேண்டாம், இந்தக் குளிரில் ஒரு வாரம் என்பதே அதிகம். ஈரக் குடைக்கும் ரெயின்கோட்டுக்கும் வாசலில் தனி ஸ்டாண்டு வையுங்கள். சொந்தப் புத்தகத்தையும் நோட்டையும் முத்திரை குத்தி உள்ளே விடுங்கள், ஸ்டீல் பிளாஸ்கையும் அனுமதியுங்கள். ஓர் அத்தியாயம் வரை போனில் படம் எடுக்கலாம் என்று ஆறாம் விதியைத் திருத்தி எழுதுங்கள், ஜெராக்ஸ் மெஷினைச் சரி செய்யுங்கள்.

நூலகம் சாதாரண நாட்களில் கடைசி பஸ் வரும் ஆறேகால் வரையாவது திறந்திருக்க வேண்டும், பரீட்சை மாதங்களில் விடுதி மாணவர்களுக்காகப் பழையபடி எட்டு மணி வரை. மாவட்ட விடுமுறை நாட்களுக்குத் தாமதக் கட்டணம் கூடாது, ஏற்கெனவே வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும். என்னுடையது சிறிய தொகை, எனக்காகக் கேட்கவில்லை, முந்நூறு ரூபாய் வரை கட்டிய முதலாண்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கண்ணாடி அலமாரியை வாரத்தில் ஒருநாள், பணியாளர் ஒருவர் முன்னிலையில், அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, முதுகலை மாணவர்களுக்கும் திறந்துவிடுங்கள். அந்தக் கோத்தர் பையனுக்கு முதல் நாள் கொடுங்கள். தகரக் கூரையையும் உடைந்த இரண்டு ஜன்னலையும் ஐப்பசி மழைக்கு முன்னால் சரி செய்யுங்கள். நனைந்த புத்தகங்களைத் தனியாக எடுத்து உலர்த்தி, எதைக் காப்பாற்ற முடியும் என்று பார்க்க வேண்டும். ஆள் போதாது என்றால் எங்களைக் கூப்பிடுங்கள், எங்கள் வகுப்பில் பதினோரு பேர் சனிக்கிழமைகளில் வந்து செய்யத் தயார், பெயர்ப் பட்டியலைக் கவுன்டரில் கொடுத்திருக்கிறோம்.

நூலகக் குழுவில் இரண்டு மாணவர்களைச் சேருங்கள், அதில் ஒருவர் விடுதியில் தங்குபவராகவும் ஒருவர் பஸ்ஸில் வந்து போகிறவராகவும் இருக்கட்டும். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை குழு கூடுகிறது என்று கேள்விப்பட்டேன். அன்றைக்கு மதியம் எங்களில் மூன்று பேரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். பதிலை எழுத்தில் தாருங்கள், மஞ்சள் தாள் ஒட்டிய அதே கதவிலேயே ஒட்டினாலும் போதும்.

இப்படிக்கு,
முதுகலை வரலாறு, இரண்டாம் ஆண்டு மாணவி